குடியை விட்டேன், கூட்டாளிகளும் போய்விட்டார்கள்

கேள்வி: "எனக்கு வயது 43. 18 வருடக் குடி. சிகிச்சை மையத்தில் 21 நாள் இருந்து வெளியே வந்து 7 மாதம் ஆகிறது, இதுவரை தொடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் என்னவோ போல இருக்கிறது. எனக்கு இருந்த நண்பர்கள் எல்லோரும் குடி நண்பர்கள். விலகச் சொன்னார்கள், விலகிவிட்டேன். சாயங்காலம் 6 மணி ஆனால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. போன வாரம் பழைய பாருக்கு எதிரே 10 நிமிடம் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. மனைவியிடம் சொல்லவில்லை. மையத்தில் சொன்னதால், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்கு ஒரு தடவை போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே பேசியவர்களின் கதையைக் கேட்டால், நான் இந்த அளவுக்கு மோசமில்லையே என்று தோன்றியது. முடிவில் எல்லோரும் எழுந்து பிரார்த்தனை செய்தார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வேறு. மனைவியோ, 'நான் ஒருத்தி இருக்கும்போது உங்களுக்கு வேறு யார் வேண்டும்?' என்கிறாள். இப்படி ஒரு குழுவுக்குக் கட்டாயம் போய்த்தான் ஆக வேண்டுமா?"
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

7 மாதம் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது போகிற போக்கில் வந்து போய்விடுகிறது. நான் நின்று படித்தது வேறொரு வரியை. பாருக்கு எதிரே 10 நிமிடம் நின்றீர்கள், மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் முகம் தெரியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்துப் பாருங்கள். மனைவியிடம் சொன்னால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் போச்சு. அத்தனை வருடம் பட்டவர், பயப்படாமல் என்ன செய்வார்? பழைய நண்பர்களிடம் சொன்னால், "அப்படியே உள்ளே வந்திருக்கலாமே" என்பார்கள். என்னைப் போன்ற ஆலோசகரிடம் சொன்னால் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்புக்குத் தேதி கொடுப்போம். குடியை விட்டு நாலைந்து வருடம் ஆன இன்னொரு குடிநோயாளியிடம் சொல்லிப் பாருங்கள். "எத்தனை மணிக்கு? சாப்பிட்டிருந்தீர்களா? யாரோடாவது சண்டையா? பையில் பணம் இருந்ததா?" என்று கேட்பார். பதற மாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். அவரும் ஏதோ ஒரு கடைக்கு எதிரே அப்படி நின்றவர்தான். இந்த ஒரு வசதிக்காகத்தான் குழு. மற்றதெல்லாம் அப்புறம்.

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியதே இப்படி ஒரு பத்து நிமிடத்தில்தான். 1935 மே மாதம். பில் வில்சன் என்பவர் நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்தவர். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொழில் விஷயமாக ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்கு வந்த இடத்தில் காரியம் கைகூடவில்லை. கையில் காசும் அதிகமில்லை, ஊரில் தெரிந்த ஆளும் இல்லை. அவர் தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும். இன்னொரு பக்கம் தொலைபேசி, அருகில் ஊர்த் தேவாலயங்களின் பட்டியல். அவர் தொலைபேசிப் பக்கம் போனார். அங்கே அவர் கேட்ட உதவிதான் விசித்திரமானது. தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடித் தரச் சொன்னார். சுற்றி வளைத்து மறுநாள் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்திக்க வைத்தார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் தர முடியாது என்று வந்த ஸ்மித், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை என்னிடம் வருகிறவர்களுக்கு அடிக்கடி சொல்வேன், ஒரு காரணத்துக்காக. ஸ்மித்தைத் திருத்துவதற்காக வில்சன் அந்தத் தொலைபேசியை எடுக்கவில்லை. தான் விழாமல் இருப்பதற்காக எடுத்தார். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் எத்தனையோ குடிகாரர்களிடம் பேசிப் பார்த்தார், ஒருவரும் குடியை விடவில்லை. ஆனால் பேசிய அவர் குடிக்காமல் இருந்தார். ஸ்மித்கூட அந்தச் சந்திப்போடு நிறுத்திவிடவில்லை. ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் முட்டமுட்டக் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. ஆக, அன்று கடைசி வரிசையில் நீங்கள் வெறுமனே உட்கார்ந்திருந்ததாக நினைக்கிறீர்கள். முன்னால் நின்று பேசியவருக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள்.

சரி, "நான் இந்த அளவுக்கு மோசமில்லையே." முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து இதைச் சொல்லாதவரை நான் பார்த்ததே இல்லை. வேலை போனவர், 'எனக்குக் குடும்பமாவது இருக்கிறது' என்பார். குடும்பம் போனவர், 'எனக்கு ஈரல் கெடவில்லை' என்பார். மனசு தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அங்கே பழையவர்கள் சொல்வது, சம்பவத்தை விட்டுவிட்டு உணர்வைக் கேளுங்கள் என்று. அவர் வீட்டை விற்றுக் குடித்திருக்கலாம், நீங்கள் விற்கவில்லை. ஆனால் விடியற்காலையில் கண் விழித்ததும், நேற்று யாரிடம் என்ன பேசினோம் என்று ஒரு திகில் வரும் பாருங்கள், அது இருவருக்கும் ஒன்றுதான். உறுப்பினராவதற்கு ஏ.ஏ. கேட்கும் தகுதி ஒன்றே ஒன்று: குடியை விட வேண்டும் என்ற விருப்பம். எவ்வளவு குடித்தீர்கள் என்று யாரும் அளக்க மாட்டார்கள்.

வெளியாட்களையும் அனுமதிக்கும் கூட்டங்களுக்கு நானும் போவதுண்டு. ஒரு நாள் பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று தினமும் ராத்திரி கிளம்புவாராம். குப்பைக் கூடையின் அடியில்தான் சரக்கு. "ஒரு கட்டத்தில் வீட்டில் குப்பையே சேரவில்லை. பேப்பரைக் கிழித்துக் கிழித்து நானே குப்பை போட ஆரம்பித்தேன்" என்றார். அறையே வெடித்துச் சிரித்தது. சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புது ஆள் ஒருவரும் சிரித்துவிட்டார். சிரித்ததும் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிடிபட்டுவிட்டோம் என்பது போல. அடுத்த வாரமும் அதே நாற்காலியில் இருந்தார். தன் வெட்கத்தைப் பார்த்து இன்னொருவர் சிரிக்க, அந்தச் சிரிப்பில் அவமானம் இல்லாமலிருப்பது வேறெங்கும் கிடைக்காது. வீட்டில் இதே கதை கண்ணீராகத்தான் முடியும்.

கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். மழுப்ப விரும்பவில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளில் ஏறக்குறைய பாதியில் கடவுளோ மேலான சக்தியோ வந்துவிடும். 'நாம் உணர்ந்தபடியான' கடவுள் என்று ஒரு சொற்றொடரும் கூடவே வரும். அது சும்மா போட்டதல்ல, நம்பிக்கை இல்லாத ஆரம்பகால உறுப்பினர்கள் சண்டை போட்டு வாங்கியது. நம்பாதவர்கள் பலர் அந்தக் குழுவையே தங்களுக்கு மேலான சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரார்த்தனையின்போது நீங்கள் வாயைத் திறக்காமல் நிற்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதுவும் உறுத்துகிறது என்றால், மதச்சார்பற்ற ஏ.ஏ. குழுக்களே இருக்கின்றன. படிகளே வேண்டாம் என்றால் ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறோர் அமைப்பு இருக்கிறது. 1994 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. அங்கே பேச்சு முழுக்க, குடிக்கும் உந்துதலைச் சமாளிப்பது எப்படி, அந்த நேரத்தில் மனதில் ஓடும் நினைப்பைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் வழியில் போகும். பெண்களுக்கென்றே ஜீன் கிர்க்பாட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சொப்ரைட்டியும் இருக்கிறது (உங்களுக்கில்லை, படிக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். ஆண்கள் நிறைந்த அறையில் பேசக் கூச்சப்பட்டே குழு பக்கம் வராமலிருக்கும் பெண்கள் நிறைய). எந்தக் குழு என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. தனியாக இருப்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ.வுக்குப் போகும்படி முறையாக வழிகாட்டும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட ஒரு படி மேலே நின்றது. மற்ற அளவுகோல்களில் ஏறக்குறைய சமம். மந்திரம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. அது எப்படிப் பலன் தருகிறது என்று ஆராய்ந்தவர்கள் முக்கியமாகச் சுட்டுவது எதைத் தெரியுமா? பழகும் ஆட்கள் மாறுவதை. குடிப்பவர்கள் குறைந்து, குடிக்காதவர்கள் கூடுவதை. உங்களிடம் முதல் பாதி நடந்துவிட்டது, இரண்டாம் பாதி நடக்கவில்லை. நண்பர்களைக் கழித்தீர்கள், கூட்டவில்லை. அந்தச் சாயங்காலம் காலியாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. குடி உங்களுக்கு போதையை மட்டுமா கொடுத்தது? போவதற்கு ஓர் இடம், 'வா வா' என்று கூப்பிட நாலு பேர், பேச ஒரு விஷயம், எல்லாம் சேர்த்துத்தானே கொடுத்தது.

யாராவது பார்த்துவிட்டால்? அங்கே உங்களைப் பார்க்கிறவர் அங்கே எதற்கு வந்தார் என்று ஒரு கணம் யோசியுங்கள். பொதுவாக முழுப்பெயர் கேட்பதில்லை. கட்டணம் இல்லை, செலவுக்கு உறுப்பினர்களே முடிந்ததைப் போடுகிறார்கள். குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டங்களும் உண்டு. அதே சமயம், அங்கே சொன்னது வெளியே போகாது என்பது பரஸ்பர நம்பிக்கைதான், சட்டமில்லை. மனிதர்கள் இருக்கும் இடத்தில் வாய் நீளமானவர் ஒருவர் இருக்கத்தான் செய்வார். அதனால் முதல் சில வாரம் உங்கள் பகுதியை விட்டுச் சற்றுத் தள்ளியுள்ள கூட்டத்துக்குப் போங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டியதில்லை. இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன் என்று சொல்லி உட்கார்ந்துகொள்ளலாம்.

2020-க்குப் பிறகு இணையவழிக் கூட்டங்கள் பெருகிவிட்டன. வெளியே போக முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். நள்ளிரவிலும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். தயங்குகிறவர் அங்கிருந்து தொடங்கட்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போங்கள் என்பேன். ஏனென்றால் கூட்டத்தைவிட, கூட்டம் முடிந்த பிறகு வரும் கால் மணி நேரம் முக்கியம். நாற்காலியை மடக்குவார்கள், கோப்பையைக் கழுவுவார்கள், வாசலில் நின்று வம்பளப்பார்கள். நட்பு அங்கேதான் முளைக்கிறது. திரையில் 'வெளியேறு' பொத்தானை அழுத்தினால் அந்தக் கால் மணி நேரம் இல்லை. அன்று நீங்கள் பிரார்த்தனை முடிந்ததும் கிளம்பிவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். அடுத்த தடவை போனால் யாரிடமாவது, "நாற்காலி எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது. கையில் வேலை இருந்தால் வாய் தானாக வரும்.

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முகம் உண்டு. ஒன்றில் பெரியவர்கள் அதிகம், ஒன்றில் சிரிப்பு அதிகம், ஒன்றில் ஒருவரே அரை மணி நேரம் பிரசங்கம் செய்வார். மூன்று நான்கு குழுக்களில் ஆறு கூட்டமாவது போய்ப் பாருங்கள். போனால் இரண்டு மூன்று பேரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவது சுலபம், அடிப்பதுதான் மலை. அதனால் ஒன்றும் இல்லாத நாளில், "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஒரு தடவை பேசிவிடுங்கள். ஒருமுறைகூடப் பேசாத நம்பரை, கை நடுங்கும் நேரத்தில் யாரும் தேடி அடிக்கப்போவதில்லை.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், நாலாக மடித்த ஒரு காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மடிப்பு இற்றுப்போய் டேப் ஒட்டியிருக்கும். அதில் ஐந்து நம்பர். எல்லாம் போனிலேயே இருக்கிறதே, காகிதம் எதற்கு என்று கேட்டேன். "போனில் அதே இடத்தில் பழைய கூட்டாளி நம்பரும் இருக்கு சார், விரல் எங்கே போகும்னு சொல்ல முடியாது" என்றார். ஒரு ராத்திரி அவருக்குத் தாங்க முடியாத உந்துதல். முதல் மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காமவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, யார் பேசுகிறார்கள் என்று புரியாமல் இரண்டு நிமிடம் குழம்பினார். ஐந்தாமவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் உருப்படியா பேசலை. ஆனா இதெல்லாம் முடியறதுக்குள்ள அரை மணி நேரம் ஓடிப்போச்சு, எனக்கும் தூக்கம் வந்துடுச்சு" என்று சிரித்தார். உந்துதல் அலை மாதிரி, ஏறி உச்சிக்குப் போய் இறங்கிவிடும். பெரும்பாலும் அரை மணிக்கு மேல் நிற்காது. அந்த நேரத்தைக் கடக்க ஒரு துணை போதும், அந்தத் துணை அரைத் தூக்கத்தில் இருந்தாலும் சரி.

கொஞ்ச நாளில் ஸ்பான்சர் என்ற சொல் காதில் விழும். உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவர், தனியாக உங்களுக்கென்று நேரம் ஒதுக்குபவர். அவசரப்படாமல் தேர்ந்தெடுங்கள். யார் நன்றாகப் பேசுகிறார் என்று பார்க்காதீர்கள், யாருடைய வீட்டு வாழ்க்கை அமைதியாகியிருக்கிறது என்று பாருங்கள். அவர் மருத்துவர் இல்லை, கடன் கொடுப்பவரும் இல்லை. யாராவது உங்களிடம், மருந்து சாப்பிட்டால் அது உண்மையான விடுதலை இல்லை, நிறுத்து என்று சொன்னால், வணக்கம் போட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். குடிக்காமல் இருக்க உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் போன்ற மருந்துகள் மருத்துவர் சொல்லி எடுப்பவை, நிறுத்துவதும் அவர் சொல்லித்தான். மனச்சோர்வுக்கான மாத்திரையும் அப்படியே. உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் வெளியீடே சொல்கிறது. உங்களுக்கு 'என்னவோ போல' இருப்பது இரண்டு மூன்று வாரமாக விடாமல் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், குழுவோடு நிற்காமல் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

இடையில் ஒன்று, இதைப் படிக்கும், இன்னும் தினமும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருக்கும் வேறு வாசகருக்கு. வீறாப்பாக இன்றோடு நிறுத்துகிறேன் என்று வீட்டிலேயே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தபிரமை கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் போங்கள்.

இப்போது உங்கள் மனைவி. 'நான் ஒருத்தி இருக்கும்போது' என்று அவர் சொல்வதில் கோபத்தைவிட வலி அதிகம் என்று எனக்குப் படுகிறது. எல்லாக் கஷ்டத்திலும் கூட நின்றது அவர். இப்போது நல்ல காலம் வரும்போது நீங்கள் வேறு யாரிடமோ மனம்விட்டுப் பேசப் போகிறீர்கள். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் சுருக்கென்று இருக்கும். அவரிடம், "நீ போதாது என்று போகவில்லை. உன்னைக் காவல்காரியாக ஆக்க வேண்டாம் என்றுதான் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இப்போது அவர் உங்களுக்கு மனைவி, காவல், ஆலோசகர் என்று மூன்று வேலை பார்க்கிறார். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகம் உங்கள் வாயருகே வருகிறதா? வந்தால் குறை சொல்லாதீர்கள், 18 வருடப் பழக்கம் 7 மாதத்தில் போகாது. அவருக்கும் தன்னைப் போன்றவர்கள் வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் இதைத் தன் வீட்டிலேயே அனுபவித்தவர். கணவர் குடியை விட்டு ஏ.ஏ.வே கதி என்று கிடந்தபோது அவருக்கு வந்த எரிச்சலும் தனிமையும் கொஞ்சமல்ல. 1951-ல் குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக அல்-அனான் என்ற அமைப்பு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக இருக்கிறது. ஒரு தடவை போய்ப் பார்க்கும்படி கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தையும் அவரிடம் என்றாவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் ஆளாக அவரிடம் சொல்ல வேண்டாம். முதலில் குழுவில் ஒருவரிடம் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில், "நின்றேன், இன்னாரிடம் சொன்னேன், இனி அந்த வழியாக வருவதில்லை" என்று சொல்லும்போது, அவர் காதில் விழும் செய்தியே வேறாக இருக்கும்.

பழைய நண்பர்கள் எல்லோரையும் ஆயுளுக்கும் வெட்டிவிட வேண்டுமா? கையில் கோப்பை இல்லாமல் நீங்கள் பேசியதே இல்லாத ஆட்கள் போகட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது, நீங்கள் மையத்தில் இருந்தபோது போன் செய்து விசாரித்திருப்பார். அவரைக் காலை வேளையில் சந்தியுங்கள், குடிக்கிற இடத்தில் வேண்டாம்.

சாயங்காலம் 6 மணிக்கு வாரத்தில் இரண்டு நாள் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்து நாளுக்கு உடம்பு அசையும் வேலை ஏதாவது ஒன்று, பசியோடு மட்டும் இருக்க வேண்டாம். வேலையிலிருந்து திரும்பும் வழியை மாற்றுங்கள், பத்து நிமிடம் சுற்றானாலும் பரவாயில்லை.

இந்த வாரமே ஒரு கூட்டத்துக்குப் போய், முடிந்ததும் நாற்காலி மடக்கிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவரிடம், பாருக்கு எதிரே நின்றதைச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் முதலில் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.